ஹிபாரி ஒன்றாம் எண் காணவில்லை

அத்தியாயம் 3

புதிய ஹிபாரி கேமராவின் தலையில் ஒரு லீவர் இருந்தது. கட்டைவிரலால் இழுத்தால் 'சர்ர்' என்று வந்தது. விட்டால் தன் இடத்துக்குத் திரும்பியது. அது எதையும் சுற்றவில்லை. சுற்றுவதற்கு உள்ளே பிலிம் இல்லை. ஆனால் அதை இழுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இயக்குநர் ஹச்சிஸுகா கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார்.

"இது வெறும் லீவர்னு நினைச்சுடாதீங்க. ஐம்பது வருஷத்துக்கு முந்தின மனுஷங்க நமக்குக் கை குலுக்கறாங்க" என்றார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

ஜக்-ச்சிங்!

கண்களை மூடிக்கொண்டார். வெளியே கின்ஸா தெருவில் ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷிராகி ஒளிக்கருவி நிறுவனத்தின் நாலாவது மாடி ஷோரூமில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அப்படி ஒரு மௌனம் வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

"1971ல முதல் ஹிபாரி போட்ட அதே சத்தம். அணுவளவும் மாறல. எங்க பாரம்பரியத்தோட மூச்சு."

"மூச்சு எங்கேர்ந்து சார் வருது?" என்று தொபே கேட்டான்.

"அடியில சின்ன ஸ்பீக்கர் இருக்கு."

தொபேவுக்கு இருபத்தெட்டு வயது. துப்பறியும் குஸே அம்மையாரின் உதவியாளன். வாய்க்குப் பூட்டு இல்லாத காரணத்தால் இரண்டு கம்பெனிகள் அவனை வெளியே அனுப்பியிருந்தன. குஸே அதே காரணத்துக்காக வேலைக்கு எடுத்திருந்தார். தான் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அவன் கேட்டுவிடுவான்.

குஸேவுக்கு ஐம்பத்து மூன்று. டோக்கியோ போலீஸின் தொலைந்த பொருள் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் குடைகளுக்கும் செயற்கைப் பல் செட்டுகளுக்கும் காவல் இருந்தவர். பொருள் தொலைவதில்லை, ஆள்தான் அதை எங்கோ வைத்துவிடுகிறான் என்பது அங்கே கற்றது. அந்த ஒரே பாடத்தை வைத்து அலுவலகம் திறந்துவிட்டார்.

ஹச்சிஸுகா இரண்டு கைகளாலும் விசிட்டிங் கார்டை நீட்டிக் குனிந்தார். லிஃப்டில் ஒன்று, வாசலில் ஒன்று, இப்போது ஒன்று. தொபேவிடம் மூன்று சேர்ந்துவிட்டன. குஸே வாய்விட்டுப் படித்தார்.

"ஷிராகி ஒளிக்கருவி நிறுவனம், பாரம்பரிய மறுமலர்ச்சித் தலைமையகம், ஒலி மற்றும் உணர்வு மேம்பாட்டுப் பிரிவு, நிர்வாக இயக்குநர், புதிய ஹிபாரி திட்டத்தின் பொதுப் பொறுப்பாளர், ஹச்சிஸுகா."

"பின்பக்கமும் இருக்கு" என்றார் ஹச்சிஸுகா அடக்கமாக.

இருபது வருடத்துக்கு முன் பிலிம் கேமரா தயாரிப்பை இழுத்து மூடிய சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் இவரே. 'பழைய கேமரா மீது ஏக்கம் என்பது வளர்ச்சியைத் தடுக்கும் நோய்' என்று அதில் ஒரு வரி இருந்தது. இப்போது அந்த நோயைத்தான் அழகிய பெட்டியில் வைத்து விற்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அறிமுக விழா. இன்று புதன்.

விழாவின் உச்சக்கட்டம் இப்படித் திட்டமிடப்பட்டிருந்தது: கம்பெனித் தலைவர் ஒரு கையில் பழைய ஹிபாரி ஒன்றாம் எண்ணையும் மறு கையில் புதியதையும் எடுத்து, மைக் முன்னால் இரண்டையும் அடுத்தடுத்து அமுக்குவார். இரண்டும் ஒரே சத்தம் போடும். பத்திரிகைக்காரர்கள் உருகுவார்கள்.

அந்த ஒன்றாம் எண்ணைத்தான் காணவில்லை. தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக வந்த கேமரா. ஷோரூம் நடுவே கண்ணாடிப் பேழையில், ஊதா மெத்தையில் இருந்தது. திங்கள் மாலை இருந்தது, செவ்வாய் காலை இல்லை. பேழைக்கு இரண்டு சாவிகள். ஒன்று ஹச்சிஸுகாவின் மேஜை இழுப்பறையில். அந்த இழுப்பறையைத் திறப்பதே இல்லை என்று அவரே சொன்னார். கம்பெனி அதை விசாரணையாக ஏற்றுக்கொண்டது.

இன்னொன்று இரியேவிடம்.

இரியே பேழைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முப்பத்தொரு வருடமாக இந்த ஷோரூம் கேமராக்களைத் துடைத்து, எண்ணெயிட்டு, பூட்டி வைப்பவர். பத்து வாரத்தில் ஓய்வு. மழைக்காலம் வந்தால் வருடம் தவறாமல் ஒரே குடையை ரயிலில் விட்டுவிட்டு குஸேவின் கவுன்டரில் போய் நிற்பார். அந்தப் பழக்கத்தில்தான் நேற்று அவரிடம் ஓடியிருந்தார்.

"போலீஸ் வேண்டாம்னுட்டாங்க, குஸே சான். விழா சமயத்துல பேர் கெட்டுடுமாம். அதனால என் பேர் கெட்டா போதும்னு முடிவு பண்ணிட்டாங்க."

மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. 'நிகழ்ந்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது. எவரும் காரணமல்ல. உடனடியாகப் பதவி விலகுகிறேன்.' அழகாகத் தட்டச்சு செய்து, பெயருக்கும் முத்திரைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மாலை ஐந்துக்குள் இரியே நிரப்ப வேண்டும். நிரப்பினால் முப்பத்தொரு வருடமும் 'திருட்டுக்குப் பொறுப்பேற்று விலகினார்' என்ற ஒரே வரியில் முடியும்.

"உங்க மேல யாருக்காவது கோபமா?" என்று குஸே கேட்டார்.

"யார் என்னைக் கவனிக்கறாங்க கோபப்பட? போன வாரம் ஒத்திகையில ஒரு தடவை சிரிச்சேன். அதான் நான் பண்ணின ஒரே குத்தம்."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது வந்து..."

"இரியே சான்!" ஹச்சிஸுகா நடுவில் வந்து நின்றார். "கீழே பூக்காரர் வந்திருக்கார். போய்ப் பாருங்க."

இரியே போனார். முப்பத்தொரு வருடத்தில் அவர் தொடங்கிய வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்திருந்தன.

குஸே பேழை முன் மண்டியிட்டார். ஊதா மெத்தையில் கேமரா இருந்த பள்ளம். மூலையில் சதுரமாக ஒரு தடம்.

"தொபே, இங்கே என்ன இருந்திருக்கும்?"

"சிலிகா ஜெல் பொட்டலம். ஈரத்தை உறிஞ்சறதுக்கு."

"அதையும் காணோம். ஈரம் பார்க்கற சின்ன மீட்டரையும் காணோம்."

தொபே சீட்டி அடித்தான். "ஆளைக் கடத்தினவன் அவரோட பிரஷர் மாத்திரையையும் மறக்காம எடுத்துட்டுப் போயிருக்கான்."

"அதுதான் விஷயம். வா."

முன்வாசலில் விழா அலங்காரம் நடந்ததால் ஊழியர் வாசல் வழியே இறங்கினார்கள். குறுகிய நடைபாதை. அதைத் தாண்டி வெளியே இரண்டு அடி வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் சத்தம்.

ஜக்-ச்சிங்!

தொபே சட்டென்று நின்று தலைமுடியைக் கோதிச் சிரித்தான். "யாரோ நம்மளைப் படம் எடுக்கறாங்க."

திரும்பிப் பார்த்தால் கேமராவும் இல்லை, போட்டோக்காரரும் இல்லை. மதிய வேலைக்கு வந்த பெண் ஒருத்தி மட்டும் ஈரக் குடையை உதறிக்கொண்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்கு விளம்பர மோகம் முத்திடுச்சு" என்றான் தொபே. குஸே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

*

ரயிலடிக் கடையில் நின்றபடி சோபா நூடுல்ஸ் உறிஞ்சும்போது குஸே கேட்டார்: "திருடினவன் இப்போ அதை என்ன பண்ணுவான்?"

"விப்பான்."

"ஒன்றாம் எண்ணையா? டோக்கியோவுல பழைய கேமரா வாங்கற ஒவ்வொருத்தனுக்கும் அந்த எண் மனப்பாடம். விக்கப் போனா டீ கொடுத்து உட்கார வெச்சுட்டு போலீஸுக்குப் போன் பண்ணுவான்."

"அப்போ உடைச்சு சுமிதா ஆத்துல போட்டிருப்பான்."

"பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு பொட்டலத்தை எடுத்துட்டுப் போனவனா?"

தொபே யோசித்தான். "வீட்டுக் குப்பையில?"

"நீ எந்த வார்டுல இருக்கே?"

"புரிஞ்சுது. எரியாத குப்பைக்கு மாசத்துல ரெண்டே நாள். அதுவும் உள்ளே இருக்கறது தெரியற பையில கட்டி வைக்கணும். எங்க தெருச் சங்கத்து அம்மா காலை ஏழு மணிக்கே வந்து பையைப் பையா படிச்சுடுவாங்க. போன மாசம் நான் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி போட்டதுக்கு, 'கல்யாணம் ஆகாத பையன் இப்படிக் கசங்கின சட்டையோட திரியலாமா'ன்னு கேட்டாங்க."

"விக்க முடியல, உடைக்க மனசு வரல, குப்பையில போட முடியல, வீட்டுலயும் வெச்சுக்க முடியல. இந்த ஊர்ல அப்படி ஒரு பொருளை எங்கே கொண்டுபோய் விடுவாங்க?"

தொபே கிண்ணத்தைக் கீழே வைத்தான். "கோயிலுக்கு!"

உடைந்த ஊசிக்கும் பழைய பொம்மைக்கும் மந்திரம் ஓதி வழியனுப்பும் ஊர் அது. கண்ணாடி வில்லை உள்ள பொருள்களுக்கென்றே யனாகாவில் ஒரு சின்ன புத்தக் கோயில் இருந்தது. மூக்குக்கண்ணாடி, பைனாகுலர், கேமரா. உழைத்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஒரு வாரம் தினமும் பிரார்த்தனை. சனிக்கிழமை வேன் வந்து மறுசுழற்சிக்கு ஏற்றிப் போகும். ஆன்மாவும் அலுமினியமும் தத்தம் வழியில் போய்ச் சேரும்.

*

துறவிக்கு நாற்பது வயது இருக்கலாம். மழித்த தலை, ஒரு காதில் கருவி, கையில் டேப்லெட். வணங்கிவிட்டுத் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். குஸேவும் பதிலுக்கு நீட்டினார். தொபே பையைத் துழாவி, அவசரத்தில் ஹச்சிஸுகாவின் கார்டை எடுத்து, அசடு வழிய மறுபடி உள்ளே வைத்தான்.

"யார் எதைக் கொடுத்தாங்கன்னு நாங்க சொல்றதில்லை" என்றார் துறவி. "பிரிவுங்கறது அந்தரங்கம்."

"ரொம்ப சரி" என்றார் குஸே. "இந்த வாரப் பொருள்களுக்கு நாங்களும் பிரார்த்தனை பண்ணலாமா?"

"தாராளமா. ரெண்டு மணிக்கு. போனை அணைச்சுடுங்க, நேரலை போகுது."

"அந்தரங்கம்னாரே" என்று தொபே முணுமுணுத்தான்.

பாய் விரித்த கூடம். தட்டு மாதிரி மரமேடையில் வரிசையாகப் பொருள்கள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி. குஸே முழங்கால் மடித்து அசையாமல் உட்கார்ந்தார். தொபேவுக்கு ஐந்தே நிமிடத்தில் இரண்டு காலும் யாருடையதோ ஆகிவிட்டன. மணி ஒலித்தது. துறவி ராகம் போட்டு ஓதத் தொடங்கினார். பொருளின் பெயர், உழைத்த காலம், அனுப்பி வைப்பவர் பெயர்.

"மூக்குக்கண்ணாடி ஒன்று... பதினெட்டு ஆண்டு உழைத்தது... ஓகுபோ குடும்பத்தினர் வழியனுப்புகிறார்கள்..."

டோங்.

"பறவை பார்க்கும் பைனாகுலர் ஒன்று... முப்பது ஆண்டு உழைத்தது... நெரிமா பறவை ரசிகர் சங்கம் வழியனுப்புகிறது..."

டோங்.

"ஹிபாரி கேமரா ஒன்று... ஐம்பத்து நான்கு ஆண்டு உழைத்தது..."

தொபே முழங்காலை மறந்தான். துறவி ஆழமாக மூச்சு இழுத்தார். ஏற்கெனவே ஒருநாள் பாடிப் பட்டவர் என்று தெரிந்தது.

"ஷிராகி ஒளிக்கருவி நிறுவனம்... பாரம்பரிய மறுமலர்ச்சித் தலைமையகம்... ஒலி மற்றும் உணர்வு மேம்பாட்டுப் பிரிவு..." இன்னொரு மூச்சு. "நிர்வாக இயக்குநர்... புதிய ஹிபாரி திட்டத்தின் பொதுப் பொறுப்பாளர்... ஹச்சிஸுகா வழியனுப்புகிறார்ர்ர்..."

டோங்.

தொபே சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பாட்டியம்மாள், பாவம் பிள்ளை எதையோ இழந்திருக்கிறான் என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பிரார்த்தனை முடிந்ததும் குஸே மேடையருகே போனார். துணிக்குக் கீழே கறுப்பு வெள்ளிக் கேமரா. பக்கத்தில் சிலிகா ஜெல் பொட்டலமும் ஈரம் பார்க்கும் மீட்டரும். மேலே, அடையாளத்துக்காக, அந்த கார்டு.

"படிவத்துல என்ன பேர் எழுதினார்?"

"அநாமதேயம்னு எழுதினார்" என்றார் துறவி. "ஆனா நான் என் கார்டைக் கொடுத்தேன். அவரும் ரெண்டு கையால அவர் கார்டைக் கொடுத்துட்டார். கொடுத்த பேரைப் பாடாம விட்டா மரியாதையா இருக்காதே."

குஸே நடந்ததை மறைக்காமல் சொன்னார். துறவி தலையைத் தடவினார்.

"அனுப்பினவர் கேட்டாக்கூட திருப்பித் தர மாட்டோம். பராமரிச்சவங்க கேட்டாத் தரலாம். பராமரிச்சவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஏதாவது சொல்லட்டும்."

குஸே போன் போட்டார். மறுமுனையில் இரியே ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அடித்தகட்டுல இடது ஓர ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் மஞ்சளா இருக்கும். ஒரிஜினல் விழுந்து காணாம போச்சு, என் தையல் மெஷின்லேர்ந்து கழட்டிப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மஞ்சளாகத்தான் இருந்தது. துறவி வணங்கிக் கேமராவை நீட்டினார். குஸே லீவரை இழுத்து, காதருகே வைத்து, பொத்தானை அமுக்கினார்.

டொப்.

மூவரும் கேமராவைப் பார்த்தார்கள். குஸே மறுபடி அமுக்கினார்.

டொப். ஈரச் செருப்பு ஒன்று பாயில் விழுந்த மாதிரி.

"பாரம்பரியத்துக்கு மூச்சுத் திணறுது" என்றான் தொபே.

"ரிப்பேர் இல்லையே?" என்று துறவி கேட்டார்.

"இரியே சான் பார்த்துக்கிட்ட கேமரா. இதோட குரலே இதுதான்." குஸே கேமராவைத் துணியில் சுற்றினார். "அப்போ அந்த ஜக்-ச்சிங் யாரோட குரல்? கிளம்பு, மணி மூணரை."

*

ஐந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. இரியே மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். கடிதம், பேனா, திறந்த முத்திரைப் பெட்டி. ஹச்சிஸுகா பக்கத்தில் நின்று துக்க வீட்டுக்குத் தோதான முகத்தை அணிந்திருந்தார்.

குஸே நேராகப் பேழைக்குப் போய், ஊதா மெத்தையில் கேமராவை வைத்தார். மூலையில் பொட்டலத்தையும் மீட்டரையும் வைத்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா!" ஹச்சிஸுகாவின் குரல் இரண்டு படி ஏறியது. "அற்புதம்! யார் அந்தப் பாவி?"

குஸே பைக்குள் கையை விட்டார். கார்டை இரண்டு கைகளாலும் பிடித்து, நன்றாகக் குனிந்து, அவர் முன் நீட்டினார். பழக்கதோஷம், அவரும் குனிந்து இரண்டு கைகளாலும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் படித்தார்.

"இது... இது எல்லார்கிட்டயும் இருக்கும்."

"என்கிட்டயே மூணு இருக்கு" என்று தொபே ஒப்புக்கொண்டான். "ஆனா எனக்கு யாரும் மணி அடிச்சுப் பாடல சார். நேத்தும் பாடியிருக்காங்க, இன்னிக்கும் பாடினாங்க. சனிக்கிழமை வரைக்கும் தினம் ரெண்டு மணிக்கு. நேரலையில. நெரிமா பறவை ரசிகர் சங்கமே பார்க்குது."

ஹச்சிஸுகா நாற்காலியைத் தேடினார். இரியே எழுந்து தன்னுடையதைக் கொடுத்தார்.

"விழாவுல ரெண்டையும் அமுக்குறதுங்கறது தலைவரோட யோசனை" என்றார் ஹச்சிஸுகா உட்கார்ந்தபடி. "திடீர்னு சொல்லிட்டார். எப்படி மாட்டேன்னு சொல்றது? பழசு 'டொப்'புங்குது. இருபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். பதினாலு பேர், ஏதோ கீழே விழுந்துடுச்சுன்னு குனிஞ்சு பார்த்தாங்க. அதை வெச்சு எப்படிப் பாரம்பரியத்தை விக்கறது? ஒலிப் பிரிவுப் பையன்கள் இந்தக் கட்டடத்துலயே எதையோ பதிவு பண்ணிக் கொண்டுவந்தாங்க. கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எதுன்னு நான் கேக்கல. கேட்டா கரைஞ்சிடும்னு தோணுச்சு."

"அப்போ கேமரா காணாம போனா ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் இருக்காது" என்றார் குஸே. "ஒத்திகையில சிரிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்களும் போயிட்டா நிம்மதி."

"உடைக்க முடியல." ஹச்சிஸுகா தலையைக் குனிந்துகொண்டார். "சுத்தியல் வாங்கினேன். முடியல. என் அப்பாகிட்ட ஒண்ணு இருந்துச்சு."



இரியே கடிதத்தை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு அவர் பக்கம் நகர்த்தினார். "தட்டச்சு நல்லா வந்திருக்கு, இயக்குநர் சான். வீணாக்க வேண்டாம். பேருக்குத்தான் இடம் காலியா இருக்கே."

ஹச்சிஸுகா பேனாவை எடுத்தார். ஒரே வரிக்கான இடம். பதவிகள் எதுவும் கொள்ளவில்லை. வெறும் பெயரை மட்டும் எழுதினார். சட்டைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து, ஊதி அழுத்தினார். முத்திரைக்குச் சத்தமே இல்லை.

"வெள்ளிக்கிழமை என்ன பண்றது?" அவர் குரல் இப்போது சாதாரண மனிதருடையதாக இருந்தது.

"ரெண்டையும் அமுக்கட்டும்" என்றார் இரியே. "ஒண்ணு டொப், ஒண்ணு ஜக்-ச்சிங். எது கேமரான்னு அவங்களே சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து. இரியே குடையை எடுத்துக்கொண்டு ஊழியர் வாசலுக்கு இறங்கினார். குஸேவும் தொபேவும் பின்னால் போனார்கள். ஏன் என்று தெரியாமல் ஹச்சிஸுகாவும் போனார். நடைபாதையின் முடிவில், சுவரில், துருவேறிய ஒரு பச்சைப் பெட்டி. மேலே கடிகாரம், நடுவில் ஒரு வாய். ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் அட்டையைச் செருக வேண்டிய பஞ்ச்சிங் மெஷின். இரியே தன் அட்டையை எடுத்து அதன் வாயில் விட்டார்.

ஜக்-ச்சிங்!

இயக்குநர்கள் அட்டை செருகுவதில்லை. அவர்கள் முன்வாசல் வழியே வருவார்கள். அதனால் ஹச்சிஸுகா அந்தச் சத்தத்தை, பாரம்பரியத்தின் மூச்சை, அது குடியிருக்கும் இடத்தில் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார்.

"உங்களுக்கு... தெரியுமா?" என்று திக்கினார்.

"ஒத்திகையன்னிக்கே தெரியும். முப்பத்தொரு வருஷமா தினம் ரெண்டு வேளை கேக்கறேனே" என்றார் இரியே. "யாரும் என்னைக் கேக்கலை."

அட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் குடையை விரித்து மழையில் இறங்கினார். தொபே அவருக்குப் பின்னால் இரண்டு எட்டு ஓடினான்.

"இரியே சான்! படத்துல ரொம்ப நல்லா விழுந்திருக்கீங்க!"